தொண்டு எவருடையது?

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் நம் பழைய மாணவர் ஒருவர், மனைவியுடனும் ஏழு வயது மகனுடனும் நம்மைக் காண வந்திருந்தார். சிறுபிராயத்தில் நம்மிடம் ஓதியவர். பின்னர்ப் பொறியியல் கற்று, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெரியதொரு கணினி நிறுவனத்தில் பணியாற்றி வருபவர். பையன் அணிந்திருந்த பனியனில் அந்நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டோம். "மரம் நட்டதற்குக் கொடுத்தார்கள்" என்றான் அவன்.

தந்தை விளக்கினார். ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்கள் தம் குடும்பத்தாரோடு வந்து ஏதேனும் ஒரு பொதுத்தொண்டில் பங்குகொள்ள வேண்டுமென நிறுவனத்தார் ஊக்குவிக்கிறார்களாம். ஏரிக்கரையைத் துப்புரவு செய்தல், அரசுப் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுதல், முதியோர் இல்லத்தில் ஒரு பகற்பொழுதைக் கழித்தல் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று. "கட்டாயம் உண்டா, தம்பி?" என்றோம். "இல்லை, ஹஜ்ரத். போகாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்வார்கள்" என்றார். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அன்று நான் நட்ட கன்றுக்கு நன்மை எனக்கு எழுதப்படுமா, கம்பெனிக்கா?" என்று கேட்டார். முகத்தில் புன்னகை இருந்தது. கேள்வியில் விளையாட்டு இருக்கவில்லை. அருகிலிருந்த அவர் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வினாவைச் சிறியதென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. ஏனெனில் இஃது ஒருவருடைய வினாவன்று. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1985-இல் டிசம்பர் 5-ஆம் நாளைத் தன்னார்வத் தொண்டர் தினமாக அறிவித்தது முதல், தொண்டுக்கென ஒரு நாளும், அந்நாளுக்கென விழாவும், விழாவுக்கெனப் பதாகையும் உலகெங்கும் பெருகிவிட்டன. நம் நாட்டிலோ 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், தன் 135-ஆம் பிரிவால், சமூகப் பொறுப்பைச் சட்டக் கடமையாகவே ஆக்கிவிட்டது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர இலாபம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆக, முதலாளி கொடுப்பது கடமை. தொழிலாளி கொடுப்பது விருப்பம். கடமை செய்பவர் விருப்பத்தால் செய்பவரை ஊக்குவிக்கிறார். இந்த முறைமாற்றத்தை நாம் கவனிக்காமல் விட்டுவிடலாகாது.

அறபு மொழியில் தன்னார்வத் தொண்டுக்கு வழங்கும் சொல் 'ததவ்வுஃ' என்பதாகும். கீழ்ப்படிதலுக்கு வழங்கும் சொல்லோ 'தாஅத்'. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை மதரஸாவில் முதலாண்டு மாணவனும் அறிவான். ஆயினும் வேர் ஒன்றாயினும் கனி வேறு. ஏவினவர் சொற்படி நடப்பது ஒன்று. எவரும் ஏவாதிருக்கத் தன் உள்ளமே தன்னை ஏவ, அதற்குப் பணிவது மற்றொன்று. தமிழோ இதனை இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: தன் ஆர்வம். இச்சொல்லின் முதற்பாதி 'தன்' என்பது. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஆர்வமா, ஆணையா என்பதே நம் மாணவரின் வினா.

பிறரைக் கொண்டு பொதுவேலை செய்வித்த வரலாறு நம் மண்ணுக்குப் புதியதன்று. 'வெட்டி' என்னும் சொல்லை இன்று நாம் பயனற்றது என்ற பொருளில் ஆள்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளிலோ அது கூலியின்றிச் செய்து தீரவேண்டிய ஊழியத்தின் பெயர்; வரிகளின் பட்டியலோடு அடிக்கடி வருவது. ஊதியமும் விருப்பமும் இல்லாமற் செய்த வேலையின் பெயரைப் பின்வந்தோர் பயனற்ற வேலைக்கே சூட்டிவிட்டார்கள் போலும்! குடிமராமத்தைப் பாருங்கள். ஏரி வாய்க்காலைத் தூர்வாரவும் கரையை மேடுயர்த்தவும் வீட்டுக்கு ஓர் ஆள் வருவது ஊர்வழக்கம். தன் வயலுக்குப் பாயும் நீருக்காகத் தானே மண்சுமந்தவனை எவரும் அடிமையென்று சொல்லவில்லை. அவ்வழக்கத்தையே ஆங்கில ஆட்சி 1858-இல் சென்னைக் கட்டாய வேலைச் சட்டமாக்கியது. வராதவன் தண்டனைக்கு உரியவனானான். அதே மண், அதே கூடை, அதே கரை. ஆனால் சுமந்தவனின் உள்ளத்தில் அது அதே வேலையாக இருந்திருக்குமா? விடுதலைக்குப் பின் நம் அரசியல் சட்டம் தன் 23-ஆம் பிரிவில் 'பேகார்' என்னும் பாரசீகச் சொல்லையே எடுத்தாண்டு, கூலியில்லாக் கட்டாய ஊழியத்தைத் தடைசெய்தது. எனினும் பொதுநலத்தின் பொருட்டு அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்றொரு வாயிலையும் அதே பிரிவு திறந்துவைத்தது. அவ்வுரிமை அரசுக்குத்தான், முதலாளிக்கு அன்று.

"கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே!" என்று அன்பர்கள் இடைமறிக்கலாம். மெய்தான். மார்க்கச் சட்டத்தில் வற்புறுத்தலுக்கு 'இக்ராஹ்' என்று பெயர். ஹனபி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் 'ஹிதாயா' நூலில் அதற்கெனத் தனி இயலே உண்டு. மிரட்டுபவன் மிரட்டியதைச் செய்யும் வல்லமை பெற்றிருக்க வேண்டும். மிரட்டப்படுபவன் அது நிகழும் என்று அஞ்ச வேண்டும். ஒரேயொரு கசையடி, ஒரேயொரு நாட் காவல் என்பன பொதுவாக வற்புறுத்தலாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயின் மதிப்புடைய நிலையிலிருப்பவனை அவ்வொரு நாட் காவலே நிலைகுலையச் செய்யும் என்று தெரிந்தால், அவனளவில் அதுவும் வற்புறுத்தலே என்று சட்டவல்லார் நுணுகிப் பார்த்திருக்கிறார்கள். அச்சத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தார்கள். வீட்டுக்கடன் தவணை கட்டுபவனுக்கு மேலாளரின் சுளித்த புருவம் எவ்வளவு கனம் என்பது, தவணை கட்டாதவருக்குத் தெரியாது. எனினும் புருவச் சுளிப்பை இக்ராஹ் என்று எந்த முஃப்தியும் தீர்ப்பளிக்கமாட்டார். நாமும் அளிக்கத் துணியமாட்டோம்.

சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்துதான் கஸ்ஸாலி இமாம் நடக்கத் தொடங்குவார். பலர் கூடிய அவையில் ஒருவனிடம் பொருள் கேட்க, அவனும் கொடுக்க மனமின்றி, மறுத்தால் மற்றவர் என்ன நினைப்பரோ என்ற நாணத்தால் மட்டும் எடுத்துக்கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் அது அன்பளிப்பு. இமாமவர்களோ அதனைச் சவுக்கால் அடித்துப் பறிப்பதோடு ஒப்பிடுகிறார்கள். ஒன்றில் சவுக்கு உடலில் விழுகிறது. மற்றொன்றில் உள்ளத்தில் விழுகிறது. உலக நீதிபதி உடலின் தழும்பைத்தான் பார்ப்பான். இறைவனுக்கு இரண்டும் வெளிச்சம். பொருளைப் பற்றிய இக்கருத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதும் ஆகும் என்றே நாம் எண்ணுகிறோம். உழைப்பவனுக்கு நேரத்தைவிட அரிய பொருள் வேறு எது? வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமற்போகும் என்ற நாணமும் ஒரு சவுக்குத்தான். சத்தம் கேளாத சவுக்கு.

இனி, நன்மை யாருக்கு என்ற வினாவுக்கு வருவோம். கூலிக்கு அமர்பவரை நம் நூல்கள் இருவகையாகப் பிரிக்கின்றன. சாயம் தோய்ப்பவனைப் போல் பலருக்கும் வேலை செய்து, வேலைக்கு மட்டும் கூலி பெறுபவன் ஒருவகை. மாத ஊதியத்துக்கு அமர்ந்த இடையனைப் போல் தன் நேரத்தையே ஒருவருக்கு விற்றுவிட்டவன் மற்றொருவகை. பின்னவன் குறித்த காலத்தில் தன்னை ஒப்படைத்து ஆயத்தமாக நின்றாலே கூலிக்கு உரியவனாகிறான். அந்நாளில் மேய்க்க ஆடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியே. அலுவலக ஊழியர் இவ்விரண்டாம் வகையினர். ஆகவே, வேலைநாளில் ஊதியத்தோடு விடுவித்து "போய்த் தொண்டு செய்து வா" என்று முதலாளி அனுப்பினால், அந்த நேரம் முதலாளி வாங்கிய பொருள். அதனைக் கொடையளித்தவர் அவரே. ஊழியர் அதில் தம் கைத்திறனையும் கனிவையும் சேர்க்கிறார். அந்த அளவுக்கு அவருக்கும் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமையிலோ நேரம் ஊழியருடையது, வியர்வையும் அவருடையது. முதலாளி கொடுத்தது பேருந்தும் பனியனும் பகலுணவுப் பொட்டலமும்தான். நன்மைக்கு வழிகாட்டியவருக்கும் பங்குண்டு என்பது நாம் அறிந்ததே, அதனை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டறிக்கையில் எங்கள் தொண்டு இத்தனை ஆயிரம் மணிநேரம் என்று அச்சேறும்போது, அந்த 'எங்கள்' யாரைக் குறிக்கிறது?

வியப்பு என்னவெனில் நம் அரசாங்கமே இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2016 ஜனவரியில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில், ஊழியர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்துவது ஊக்குவிக்கத்தக்கது என்று சொல்லிவிட்டு, அவர்கள் இலவசமாக அளிக்கும் உழைப்புக்குப் பணமதிப்பிட்டுச் சட்டம் விதித்த செலவுக் கணக்கில் எழுதலாகாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கர்களுக்காக எழுதப்பட்ட வரிதான் அது. ஆனால் இக்லாஸ் பற்றி நாம் ஓதிய பாடம் அதில் பாதியளவு இருக்கக் கண்டோம்.

மற்றொன்று. வெள்ளிக்கிழமை பிற்பகலில் மூன்று மணிநேரம் விடுவித்து, அந்த மூன்று மணிநேர வேலையை அன்றிரவே வீட்டில் முடித்தனுப்பச் சொல்வதும் உண்டென மாணவர் கூறினார். இங்கே கொடுத்தவர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

குடும்பத்தின் நிலை இதனினும் நுண்ணியது. ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கணவர், மனைவியல்லர், மக்களல்லர். அவர்களுடைய ஒரு நொடியும் எவருக்கும் விற்கப்படவில்லை. குடும்பத்தோடு வருக என்னும் அழைப்பு அன்பானதே. பிள்ளைகள் பெற்றோரின் கைபிடித்து நற்செயல் பழகுவதைவிட நல்ல கல்வி ஏது? நாமே அதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அவ்வழைப்பு அவர்களிடம் நேராக வருவதில்லை. சோறு கொண்டுவரும் கையின் வழியாக வருகிறது. அன்றைய பேச்சில் அந்தப் பெண்மணி ஒரே ஒருமுறைதான் வாய்திறந்தார். "எனக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான், ஹஜ்ரத். அம்மா படுக்கையில் இருக்கிறார்கள்" என்றார். தாயின் படுக்கையருகே இருப்பதைத் தொண்டு என்று எந்தப் பட்டியலிலும் எவரும் எழுதுவதில்லை. அதற்குப் பனியன் கிடையாது.

இவ்வளவும் சொன்னபிறகு, மறுபக்கத்தையும் சொல்லவேண்டியது நம் கடமை. பசித்தவன் தனக்குச் சோறிடுபவனின் நிய்யத்தைக் கேட்பதில்லை. சுவர் வெள்ளையானால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். நோக்கம் தூய்மையாகும்வரை காத்திருந்து பின் செய்வோம் என்பவர் ஒருநாளும் செய்யமாட்டார். ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் வணிகமும் செய்பவரின் ஹஜ்ஜு வீணன்று. கலப்புற்ற நோக்கங்களைப் பற்றி கஸ்ஸாலி இமாம் 'இஹ்யா'வில் எழுதும்போது, எது மிகுந்திருக்கிறதோ அதன் மிகுதிக்கேற்பவே பலன் என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். முகத்துதிக்கு அஞ்சி நற்செயலையே விட்டுவிடுவதையும் அவர்கள் ஏற்கவில்லை. பிறர் கண்டு பின்பற்றட்டும் என்று வெளிப்படையாய்ச் செய்வதற்கும் இடமளிக்கிறார்கள். ஆகவே பனியனையும் புகைப்படத்தையும் கண்டவுடன் முகஞ்சுளிப்பவர்களோடு நாம் சேரவில்லை.

ஆனால் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்கிறோம். அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டு சென்னையே நீரில் நின்றபோது, பள்ளிவாசல்கள் சமயம் பாராது யாவர்க்கும் திறந்தன. அங்கே அண்டாக்களில் சோறு வெந்தது. மார்பளவு நீரில் முதியோரைத் தோள்மேல் சுமந்து வந்த இளைஞர்களில் மீனவரும் இருந்தனர், கணினிப் பொறியாளரும் இருந்தனர். அவர்களை எந்தப் பிரிவு மின்னஞ்சல் அனுப்பி ஊக்குவித்தது? மனிதனுக்குள் அந்த ஊற்று இருக்கத்தான் செய்கிறது. அதைத் தோண்டிவிடுவதா, குழாய் போட்டு அளந்து விடுவதா என்பதே வேறுபாடு.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது நம் வாதத்துக்கே சற்று எதிரானது. நாம் ஓதிய காலத்தில், ஊரில் ஆதரவற்ற மையித்து ஏதேனும் வந்துவிட்டால், நம் உஸ்தாத் மாணவர்களில் நால்வரை அழைத்துக்கொண்டு மையவாடிக்குப் புறப்படுவார். அந்நால்வரில் ஒருவராகச் சிக்காமலிருக்க நாம் செய்த தந்திரங்களுக்கு அளவில்லை. வயிற்றுவலி என்போம், பாடம் மனனம் ஆகவில்லை என்போம். ஒருநாள் ஆடிமாத வெயிலில் அகப்பட்டுக்கொண்டோம். சென்றது அச்சத்தால், விருப்பம் எள்ளளவும் இல்லை. இன்றோ, நாற்பதாண்டுகள் கழிந்தபின், அழைப்பார் இல்லாமலே செல்கிறோம். எனவே, ஏவலில் தொடங்கியது ஆர்வத்தில் முடியாது என்று நாம் எவ்வாறு சொல்ல முடியும்? தாஅத்தின் வேரிலிருந்துதானே ததவ்வுஃ முளைக்கிறது!

அந்நாளை மீண்டும் நினைவில் ஓட்டிப் பார்த்தபோது சில தெளிவாயின. குழியில் முதலில் இறங்கியவர் உஸ்தாத். கடப்பாரை அவர் கையில் இருந்தது. நாங்கள் மண்ணை அள்ளிப் போட்டோம். வராதவரின் பெயரை அவர் மறுநாள் கேட்டதில்லை. எங்கள் உழைப்பைத் தம் உழைப்பென்று ஊரில் எவரிடமும் சொன்னதில்லை. பாடநேரத்தை விட்டுத்தான் அழைத்துச் சென்றார். எங்கள் விளையாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இது எங்களுக்குப் புரியவில்லை. நிர்வாக இயக்குநர் ஏரிக்கரைக்கு வருகிறாரா என்று மாணவரிடம் கேட்டோம். "புகைப்படம் எடுக்கும் நேரத்தில் வருவார்" என்றார்.

பாலாற்றுப் பக்கத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவற்றை நடத்தியவர்களில் நம்மவரும் பலர். தர்மத்துக்குக் குறைவைத்தவர்களும் அல்லர். நலத்தைத் தேடுவதினும் தீங்கை நீக்குவது முந்தியது என்பது ஃபிக்ஹு கற்ற எவருக்கும் பழகிய விதி. ஆற்றில் நஞ்சைக் கலந்துவிட்டு, ஊழியரை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அனுப்பும் முதலாளி எங்கேனும் இருந்தால், அவர் திங்கட்கிழமைக் கணக்கை முதலில் பார்க்கட்டும். கூலியைத் தாமதிப்பவருக்கும் இதுவே.

மாணவருக்கு நாம் சொன்ன மறுமொழி மிகச் சிறியது. நன்மையைப் பங்கிடுவது நம் வேலையன்று என்றோம்; அடுத்தமுறை போகவேண்டாம் என்று உம் உள்ளம் சொன்னால், காரணம் புனையாமல் வரவில்லை என்று எழுதிப் பாரும், அதன்பின் போவது உமதாகும் என்றோம். அவர் தலையசைத்தார், எழுதுவார் என்று நமக்குத் தோன்றவில்லை. அப்போது பையன் குறுக்கிட்டு, "அந்த மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வாப்பா?" என்று கேட்டான். தந்தைக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். பையனின் தொந்தரவு பொறுக்காமல் ஒரு ஞாயிறு இருவரும் அந்தப் பள்ளிக்குப் போனார்களாம். நாற்பது கன்றுகளில் பதினொன்று உயிரோடிருந்தனவாம். நட்டவர்களில் எவரும் திரும்பி வந்ததில்லை. பள்ளிக் காவலாளி மட்டும் தம் குடிநீர்க் குடத்தில் மிஞ்சியதை ஊற்றிவந்திருக்கிறார். இப்போது தகப்பனும் மகனும் வாரந்தோறும் செல்கிறார்கள். அலுவலகத்தில் இதைச் சொல்லவில்லை என்றார். "வீட்டிலும் வருகிறார்களா?" என்று கேட்டோம்.

"இல்லை, ஹஜ்ரத்" என்றார். "அவள் அவளுடைய அம்மாவிடம் போய்விடுகிறாள்."